ஸ்டாக்ஹோமில் ஒரு வார இறுதி, அம்மாவோடு: படகு டிக்கெட் வாங்கலாமா?

நெய்தல்:
ஜூலை கடைசியில் ஒரு சனி, ஞாயிறு ஸ்டாக்ஹோமில் இருப்போம். கூட அம்மா வருகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு, ஆனால் ஊர் பார்க்கிற ஆசைக்குக் குறைவில்லை. எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்கிற சுற்றுலாப் படகு டிக்கெட்டை வாங்கச் சொல்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வாங்கலாமா? அம்மாவை அதிகம் நடக்க விடாமல் ஊரைக் காட்ட வேறு வழி இருக்கிறதா?

தீவுவாசி:
வாங்காதீர்கள். இங்கே என் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான். மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் எடுக்கிற டிக்கெட்டிலேயே ஊர்ப் படகிலும் போகலாம். ஸ்லுஸன் படகுத்துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்கு 82ஆம் எண் படகு வருஷம் முழுக்க ஓடுகிறது. டிக்கெட் 75 நிமிடம் செல்லும் என்பதால் மெட்ரோவில் வந்து இறங்கி அதே டிக்கெட்டில் படகு ஏறிவிடலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் குறைவு, அம்மாவுக்குக் கேட்டு வாங்குங்கள். ஸ்லுஸனில் பல வருஷமாகக் கட்டுமான வேலை நடக்கிறது, அதனால் படகுத்துறைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பலகையைப் பார்த்து நடங்கள்.

ஏறியதும் உள்ளே போய் உட்காராமல் வெளியே நில்லுங்கள். இடது பக்கம் அரண்மனையும் பழைய நகரமும் விலகிப் போகும், ஷெப்ஸ்ஹோல்மன் தீவின் கரையில் வெள்ளைப் பாய்மரக் கப்பல் ஒன்று நிற்கும். 1888இல் கட்டியது, இப்போது அது தங்கும் விடுதி. வலது பக்கம் சோடர்மால்ம் தீவின் பாறைச் சரிவு. இந்த ஊர் 14 தீவுகளின் மேல் நிற்கிறது, அதைத் தரையில் நடந்து புரிந்துகொள்ள முடியாது. சுற்றுலாப் படகு காட்டுவதில் முக்கால்வாசியை இந்தச் சின்னப் பயணம் காட்டிவிடும்.

இறங்கினால், வாசா என்ற பழைய கப்பலை வைத்திருக்கும் வாசா அருங்காட்சியகம் கொஞ்ச தூரம்தான். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, எல்லாத் தளத்திலிருந்தும் கப்பலைப் பார்க்கலாம். 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் கிளம்பி, சுமார் 1,300 மீட்டர் போனதும் ஊரே பார்க்க மூழ்கிய போர்க்கப்பல். மேல்பாரம் அதிகம், காற்றில் சாய்ந்ததும் திறந்திருந்த பீரங்கி ஜன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. 333 வருஷம் கழித்து 1961இல் தூக்கினார்கள். மரம் உளுத்துப் போகாமல் இருந்ததற்குக் காரணம், பால்டிக் கடலில் உப்பு குறைவு, கப்பல் மரத்தைத் துளைக்கிற புழுவுக்கு அந்தத் தண்ணீர் ஒத்துவராது. ராஜாவின் பெருமைக்குக் கட்டிய கப்பல், இன்று எதற்குப் பேர்போனது என்று நினைத்தால் எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். கப்பலுக்காக உள்ளே வெளிச்சமும் குறைவு, குளிர்ச்சியும் உண்டு. அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நகரத்தை ஞாயிறு காலையில், கூட்டம் சேர்வதற்கு முன் பாருங்கள். முழுக்கக் கல் பதித்த தெரு, முழங்காலுக்கு எதிரி. வெஸ்டர்லோங்காத்தான் தெருவில் காந்தப் பொம்மைக் கடைகள்தான், அதற்கு இணையாக ஓடும் பிரெஸ்ட்காத்தானில் அமைதியாக நடக்கலாம். 90 சென்டிமீட்டர் அகலச் சந்து ஒன்றைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். அது படிக்கட்டு. கீழே நின்று எட்டிப் பார்த்தால் போதும். அதைவிட, அரண்மனைக்கு எதிரே ஃபின்லாந்து தேவாலயத்தின் பின்முற்றத்தில் ஒரு குட்டி இரும்புப் பையன் உட்கார்ந்திருப்பான், உயரம் ஒரு சாண்கூட இல்லை. குளிர்காலத்தில் யாராவது தொப்பி பின்னிப் போட்டுவிடுவார்கள். அம்மாக்களுக்கு அவனைப் பிடிக்கும்.

பயணப்பை:
ட்ரொட்னிங்ஹோல்ம் அரண்மனையை விட்டுவிட்டீர்களே! ராஜ குடும்பம் வசிக்கும் இடம், 1991இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே உள்ள 1766ஆம் ஆண்டு நாடக அரங்கில் மேடையை நகர்த்தும் மர இயந்திரங்கள் இன்றும் வேலை செய்கின்றன. நகர மண்டபத்துக்குப் பக்கத்திலிருந்தே படகு கிளம்பும்.

தீவுவாசி:
அந்த அரங்குக்கு நானும் ரசிகை. ஆனால் படகு ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம், தோட்டம் பெரிது, ஞாயிறு அதோடு தீர்ந்துவிடும். வார இறுதிக்கு வருகிறவர்களை அங்கே அனுப்ப மாட்டேன். போயே ஆக வேண்டும் என்றால் பழைய நகரத்தை விட்டுவிட்டு, படகில் போய் பேருந்து, மெட்ரோவில் திரும்புங்கள். நகர மண்டபத்துக்கு வேண்டுமானால் போங்கள், கோபுரம் ஏறாமல். நோபல் விருந்து நடக்கும் நீல மண்டபம் உள்ளே இருக்கிறது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள். சுவரெல்லாம் சிவப்புச் செங்கல்! கட்டியவருக்குச் செங்கல் பிடித்துப்போனதால் நீலம் பூசாமல் விட்டார், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

நெய்தல்:
நன்றி அக்கா, அப்போ 82தான். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பார்க்க ஒரு இடம் சொல்லுங்களேன்?

தீவுவாசி:
மொண்டேலியுஸ்வேகன், மேட்டின் மேல் ஓடும் நடைபாதை. மரியாடோர்யெட் மெட்ரோவில் இறங்குங்கள், கொஞ்சம் ஏற்றம் உண்டு, மெதுவாகப் போகலாம். மேலே பெஞ்ச் போட்டிருப்பார்கள். கீழே மேலாரன் ஏரி, எதிரே நகர மண்டபம், வலது பக்கம் பழைய நகரம். ஜூலையில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கொண்டுபோங்கள், அதுவும் மேலாரனிலிருந்து வருவதுதான், தைரியமாகக் குடிக்கலாம். இன்னொன்று, ரொக்கம் மாற்றிக்கொண்டு வராதீர்கள். பல கடைகளில் நோட்டை வாங்கவே மாட்டார்கள். வங்கி அட்டை போதும்.