பிஎஸ்ஏடி மதிப்பெண்ணும் நேஷனல் மெரிட் தகுதியும்: பினாங்குக்கு மாறிவரும் மாணவியின் நிலை என்ன?

செம்பனைக்காரன் (சுங்கை சிப்புட்) கேட்கிறார்:

மன்றத்தினர் அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் குடும்பம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறது. தங்கை மகள் அங்கேயே பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற அக்டோபரில் பள்ளியில் நடந்த பிஎஸ்ஏடி தேர்வில் 1520-க்கு 1450 பெற்றிருக்கிறாள். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோடியான இத்தேர்வே, நேஷனல் மெரிட் என்ற உதவித்தொகைப் போட்டிக்கும் முதல் படி. அவள் வகுப்புத் தோழன் ஒருவனும் அதே 1450 பெற்றிருக்க, ‘செலெக்‌ஷன் இண்டெக்ஸ்’ என்ற எண் மட்டும் அவனுக்கு 218, இவளுக்கு 214 என்று வந்திருக்கிறது. மொத்தம் ஒன்றாக இருக்கும்போது இந்த எண் எப்படி வேறுபடும் என்பது எங்கள் முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் இடமாற்றத்தைப் பற்றியது. தங்கையின் கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை மாற்றம் கிடைத்திருப்பதால், வரும் ஆகஸ்டில் அனைவரும் பினாங்குக்கு வந்துவிடுவதாகத் திட்டம். நேஷனல் மெரிட் தகுதிக்கோடு, அதாவது தேர்வாகத் தேவையான குறைந்தபட்ச எண், மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்றும், இங்கே வந்தால் வாய்ப்புக் குறையும் என்றும் தங்கை கவலைப்படுகிறாள். நம் மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் சுங்கை சிப்புட்டில் எடுத்த ‘ஏ’வுக்கும் கோத்தா பாருவில் எடுத்த ‘ஏ’வுக்கும் வேறுபாடு கிடையாது. ஒரே தேர்வை எழுதியவர்களுக்கு ஊர் பார்த்துத் தகுதி வழங்குவது எந்த வகையில் நியாயம்?

படிவம் நான்கில் படிக்கும் என் மகளும், அத்தை மகள் அனுப்பிய மதிப்பெண் அறிக்கையைப் பார்த்துவிட்டு, தானும் எழுதலாமா என்று கேட்கிறாள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டல்லாஸ்வாசி (சொந்த ஊர் கோலகங்சார்) பதில்:

ஐயா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிஎஸ்ஏடியில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த ஒரு பகுதி, கணிதம் ஒரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண் 760. இண்டெக்ஸைக் கணக்கிடும்போது வாசிப்பு-எழுத்து மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, அதனுடன் கணித மதிப்பெண்ணைக் கூட்டி, வரும் தொகையைப் பத்தால் வகுக்கிறார்கள். அந்த மாணவன் வாசிப்பு-எழுத்தில் 730-ம் கணிதத்தில் 720-ம் எடுத்திருப்பான். 1460-ஐயும் 720-ஐயும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 218. உங்கள் தங்கை மகள் 690-ம் 760-ம் எடுத்திருக்க வேண்டும். 1380-ம் 760-ம் சேர்ந்து 214 ஆகிறது. கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை பின்தங்கி நிற்பதற்கு இந்த இரட்டிப்புதான் காரணம். கணக்கிலேயே ஊறிய நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இங்கே அடி விழுவதை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இனி அவள் செலவிடும் நேரம் முழுவதும் ஆங்கில வாசிப்புக்கே போகட்டும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பில் எழுதிய தேர்வு நேஷனல் மெரிட்டுக்குக் கணக்கில் வராது. பதினோராம் வகுப்பில், அக்டோபரில் எழுதும் தேர்வே போட்டிக்கு உரியது. ஆகவே 214-ஐ நினைத்து யாரும் வருந்த வேண்டியதில்லை, மகிழவும் வேண்டியதில்லை.

இடமாற்றத்தைப் பற்றித் தங்கை கவலைப்படுவதில் பொருள் இருக்கிறது. ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்போட்டியில் நுழைகிறார்கள். அவர்களுள் ஏறத்தாழ 16,000 பேரே அரையிறுதிக்குத் தேர்வாகிறார்கள். பள்ளி இறுதியாண்டு மாணவர் தொகையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள பங்கின்படி இந்த இடங்கள் பிரிக்கப்படுவதால், நன்றாக எழுதுவோர் திரண்டிருக்கும் மாநிலத்தில் கோடு மேலே ஏறிவிடுகிறது. இந்தக் கோடு இண்டெக்ஸ் எண்ணில் சொல்லப்படுவது. 2023 அக்டோபரில் எழுதியவர்களுக்கு டெக்சஸின் கோடு 219, நியூஜெர்சியின் கோடு 223. அடுத்த ஆண்டே இவை 222, 225 என்று உயர்ந்தன. வெளிநாட்டுப் பள்ளிகளில் படிக்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு, அந்த ஆண்டின் மிக உயர்ந்த மாநிலக் கோடு எதுவோ அதுவே கோடு. பினாங்கில் இருந்து எழுதினால் அவள் நியூஜெர்சிப் பிள்ளைகளுக்குச் சமமாக ஓட வேண்டியிருக்கும்.

தேர்வெழுதும் நேரத்தில் எந்தப் பள்ளியில் படிக்கிறாளோ அந்தப் பள்ளியின் இடமே கணக்கில் கொள்ளப்படும். நிறுவனம் ஒத்துக்கொண்டால் புறப்பாட்டை ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குத் தள்ளிப்போடுவது ஒரு வழி. ஆனால் இதற்காகக் கணவர் ஓரிடமும் மனைவி மக்கள் ஓரிடமுமாகப் பிரிந்திருக்கலாம் என்று யாரேனும் ஆலோசனை சொன்னால், அதை நான் ஏற்கமாட்டேன். நேஷனல் மெரிட் நேரடியாக வழங்கும் உதவித்தொகை 2,500 டாலர், அதுவும் ஒரே ஒரு முறை.

ஈப்போ ஆசிரியை பதில்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். உங்கள் மகளைப் பற்றியும் நியாயத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

மலேசியக் குடியுரிமையோடு இங்குள்ள பள்ளியில் படிக்கும் மாணவி நேஷனல் மெரிட் போட்டியில் கலந்துகொள்ள இயலாது. பிஎஸ்ஏடிக்குத் தனியாக விண்ணப்பிக்கவும் வழியில்லை; அதை நடத்தும் பள்ளி வழியாகவே பதிய வேண்டும். இந்த விதி உங்கள் தங்கை மகளுக்கும் பொருந்தும் என்பதால், பினாங்கில் பள்ளி தேடும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே ‘அக்டோபரில் பதினோராம் வகுப்புக்கு இத்தேர்வை நடத்துகிறீர்களா’ என்று கேட்டு எழுத்துவழிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அனைத்துலகப் பள்ளி என்ற பெயர்ப்பலகை இருந்தாலே இத்தேர்வு நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பலவற்றுக்கு இத்தேர்வோடு தொடர்பே இருக்காது.

ஊர் பார்த்துத் தகுதி வழங்குவது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். எஸ்.பி.எம்.முக்குப் பின் பல்கலைக்கழகத்துக்கு முன்னோடியாகப் படிக்கும் மெட்ரிகுலேஷன் இடங்களில் பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) தொண்ணூறு விழுக்காடு, மற்றவர்களுக்குப் பத்து என்ற பிரிப்போடு வாழும் நாம், ‘ஏ’ எங்கும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்வது சற்று வேடிக்கையாக இருக்கிறது. தேர்வுத்தாளில் ‘ஏ’ ஒன்றுதான். இடம் கொடுக்கும் மேசையில் அல்ல. பத்து ‘ஏ’ பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்த பிறகே நம் பெற்றோர் சற்று மூச்சுவிட்டார்கள். உங்கள் மகள் படிவம் நான்கில் இருக்கிறாள். அவளுடைய கவனம் எஸ்.பி.எம். பாடங்களில் இருக்கட்டும். ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் வழி போவதாக இருந்தால், பொதுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பத்து விழுக்காடு உண்டு என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவையுங்கள்.

செம்பனைக்காரன்:

இருவருக்கும் மிக்க நன்றி. 690, 760 என்ற கணிப்பு அப்படியே சரி. இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, அங்கே பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். தொகை வெறும் 2,500 டாலர் என்றால், இதற்கு அங்குள்ள பெற்றோர் இவ்வளவு பாடுபடுவது ஏன்?

டல்லாஸ்வாசி:

அரையிறுதியில் தேர்ந்தவர்கள் கட்டுரை, பள்ளியின் பரிந்துரை, எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஆகியவற்றை அனுப்பி இறுதிநிலைக்கு உயர்கிறார்கள். ஏறத்தாழ 15,000 பேர் அந்நிலையை எட்டுகிறார்கள். இறுதிநிலை மாணவர்களைத் தம் பக்கம் ஈர்க்கச் சில பல்கலைக்கழகங்கள் பெருந்தொகை வழங்குகின்றன. டல்லாஸிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகமும் அலபாமா பல்கலைக்கழகமும் இதற்குப் பெயர் பெற்றவை. பெற்றோரின் கண் இருப்பது அந்தத் தொகையின்மேல்தான். பல்கலைக்கழகம் வழங்கும் நேஷனல் மெரிட் உதவித்தொகையைப் பெற, அந்தப் பல்கலைக்கழகத்தையே முதல் விருப்பமாகப் பதிந்திருக்க வேண்டும். ஹார்வர்ட், யேல் போன்றவை திறமை அடிப்படையில் உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. உங்கள் தங்கை மகள் எந்த வகைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப்போகிறாள் என்பதை முதலில் கேளுங்கள். விடை இரண்டாவது வகையாக இருந்தால், விமானச் சீட்டின் தேதியை மாற்ற வேண்டியதே இல்லை.