மறு: ‘குடல் நொதித்தல்’ தொடர்பாக

அனைவருக்கும் வணக்கம். விலங்குகளின் செரிமானப் பாதையில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கவைத்து, மீத்தேன் உண்டாவதைத்தான் ஆங்கிலத்தில் ‘என்டெரிக் ஃபெர்மென்டேஷன்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கான தமிழ்ச்சொல்லை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> என்டெரிக் ஃபெர்மென்டேஷனுக்குக் ‘குடல் நொதித்தல்’ என்பது ஏற்கெனவே புழங்குகிறதே, எதற்கு மாற்றுகிறோம்?

புழங்குகிறது, உண்மைதான். ஆனால் படிப்பவரை அது தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. அசைபோடும் விலங்குகளில் நொதித்தல் பெரும்பாலும் குடலில் நடப்பதில்லை. அதற்கு முன்னாலேயே, பெருவயிற்றில் (ரூமென் எனப்படும், இரைப்பையின் மிகப்பெரிய அறையில்) நடக்கிறது. நுண்ணுயிரிகள் நார்த்தீவனத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. ஆர்க்கியா வகை நுண்ணுயிரிகள் இவற்றைக் கொண்டு மீத்தேன் ஆக்குகின்றன. படுத்து அசைபோடும் மாட்டின் இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு ஓரிரு முறை எழும்பித் தாழும். பெருவயிறு சுருங்கி விரிவதுதான் அது. பெருவயிற்று மீத்தேனில் பெரும்பகுதி ஏப்பமாக வெளியேறுகிறது, கொஞ்சம் மூச்சோடு. பின்வழியே போவது மிகச் சொற்பம்.

‘குடல்’ என்றதும் நினைப்பு சாணத்துக்குப் போய், சாண எரிவாயுக் கலன் வைத்தால் தீர்ந்தது என்று முடிந்துவிடுகிறது. குழியில் காற்றில்லாமல் தேங்கும் சாணக் குழம்புக்கு அது நல்ல வழி, மறுக்கவில்லை. ஆனால் ஏப்பத்தை அது பிடிக்காதே! அதற்குத் தீவனத்தில்தான் கைவைக்க வேண்டும். எளிதில் செரிக்கும் தீவனம் தரலாம், அளவாகக் கொழுப்புச் சேர்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அனுமதித்த 3-என்ஓபி என்ற தீவனச் சேர்க்கைப் பொருள், மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் உள்ள நொதியை முடக்குகிறது. கறவை மாடுகளில் மீத்தேன் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. புவியைச் சூடாக்கும் மீத்தேன் வளிமண்டலத்தில் 12 ஆண்டு போலத்தான் தங்கும், ஆகவே இன்று குறைத்தால் பலன் விரைவில் தெரியும். இந்த வழிகள் வாசகர் கண்ணில் படாமல் போவதற்கு நம் சொல் காரணமாகக் கூடாது.

> அப்படியானால் ‘பெருவயிற்று நொதித்தல்’?

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கச்சிதம். ஆனால் குதிரைக்கும் பன்றிக்கும் நொதித்தல் பின்குடலில் நடக்கிறது. பசுங்குடில் வாயு உமிழ்வுக் கணக்கில் அவையும் இதே தலைப்பில்தான் வருகின்றன. அதனால் பொதுச்சொல்லாகச் ‘செரிமான நொதித்தல்’, அதன் உட்பிரிவாகப் ‘பெருவயிற்று நொதித்தல்’ என இரண்டையும் பதியலாம் என்பது என் முன்மொழிவு. செய்திக் கட்டுரைகளுக்கு ‘ஏப்ப மீத்தேன்’ என்றே எழுதலாம், விளக்கமே தேவைப்படாது.

ஒரு தயக்கம் மட்டும் இருக்கிறது. பெருவயிறு, பெருங்குடல் இரண்டும் அடுத்தடுத்து வரும் பத்தியில் குழப்பம் நேருமா? ‘அசைவயிறு’ என்றால் தேவலையா? கால்நடை மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.