முதல் கேமிங் பிசி: பிராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்தியும் ஓடாத பிசிகள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

புதிதாகப் பிசி கட்டப்போகிறவர்கள் பட்டியலைக் காட்டி "இது ஓகேவா?" என்று கேட்கும்போது, முக்கால்வாசிப் பேர் சரிபார்த்திருப்பது சாக்கெட் ஒன்றைத்தான். இடிப்பதோ வேறு இடங்களில். பேச வசதியாக ஒரு பட்டியலை வைத்துக்கொள்வோம்: ரைசன் 5 7600 பிராசசர், பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்5 ரேம் 16 ஜிபி இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் தரும் பெட்டி), சாதாரண கேபினட் ஒன்று. சொந்தக் கதை வேண்டாம். எந்தப் பாகம், எங்கே இடிக்கும், எப்படிச் சரியாகும், அது போதும்.

*

பயாஸ், அதாவது ஆன் செய்ததும் பாகங்களை அடையாளம் கண்டு எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். கடையில் யாரும் வாயைத் திறக்காத விஷயம் இதுதான்.

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்தது. ரைசன் 7000, 8000ஜி, 9000 மூன்றும் அதில் உட்காரும். ஆனால் பி650 போர்டுகள் வந்தது 2022 அக்டோபர், 9000 வரிசை வந்தது 2024 ஆகஸ்ட். அலமாரியில் தூங்கிய பழைய போர்டில் இருக்கும் பயாஸுக்கு அந்த வரிசையின் 9600எக்ஸ் யாரென்றே தெரியாது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். பிராசசர் செத்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடுவார்கள். பிராசசர் நன்றாகத்தான் இருக்கும்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பிராசசரே இல்லாமல்கூட வேலையை முடிக்கலாம். பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்யுங்கள். நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் போர்டின் சரியான மாடலுக்கு உரிய ஃபைலை இறக்கி, மேனுவல் சொல்லும் பெயரை அப்படியே வையுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் போர்டு கண்டுகொள்ளாது. போர்டுக்கான 24 பின் கேபிளும் பிராசசருக்கான 8 பின் கேபிளும் மட்டும் மாட்டி, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகி, பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு மின்ன ஆரம்பிக்கும். மின்னல் நிற்கும்வரை, ஐந்து பத்து நிமிடம் ஆனாலும், கையை வைக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் சிக்கல், அதனால் யூபிஎஸ்ஸில் போட்டுச் செய்வது நல்லது.

அந்தப் பட்டன் இல்லாத போர்டு என்றால், பில் போடும் முன்பே "பயாஸ் ஏற்றிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு அதே கேள்விக்குத் தனிக் கட்டணம் வரலாம்.

இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டிலும் இதே கூத்துதான். 12, 13, 14 மூன்று தலைமுறையும் உட்காரும். எச்610, பி660 போர்டுகளில் 13, 14-க்குப் புது பயாஸ் வேண்டும். தவிர, 13, 14-ஆம் தலைமுறையின் வோல்டேஜ் கோளாறை இன்டெல்லே ஒப்புக்கொண்டு 2024-இல் பயாஸோடு வரும் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. அந்தச் சில்லுகளை வாங்குபவர் கேம் இறக்கும் முன் பயாஸை இறக்கட்டும்.

*

ரேம் பற்றி நான் சொல்றேன்.

டிடிஆர்4, டிடிஆர்5 ரெண்டுக்கும் நடு வெட்டு இருக்கிற இடம் வேற, மாத்திச் செருக முடியாது. ஏஎம்5-ல் டிடிஆர்5 மட்டும்தான், குழப்பமே இல்லை. எல்ஜிஏ1700-ல்தான் பொறி: ஒரே பி760 மாடலிலேயே டிடிஆர்4-க்கு ஒரு போர்டு, டிடிஆர்5-க்கு ஒரு போர்டு விக்குது, பெயர்க் கடைசியில் "டி4"ன்னு சின்னதா ஒரு ஒட்டு மட்டும் இருக்கும். ஆன்லைன்ல ஆர்டர் போடுறவங்க அதைத்தான் கவனிக்காம விடுறாங்க.

நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ரேம் மட்டும்னா, பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். ஒன்னும் ரெண்டும் போட்டா டூயல் சேனல் (ரெண்டு ரேமும் தனித்தனி வழியில ஒரே நேரத்துல வேலை செய்றது) கிடைக்காது, கேம்ல எஃப்பிஎஸ் அடிவாங்கும். ஒன்னும் மூணும் போட்டா டூயல் சேனல் கிடைக்கும், ஆனா வேகத்தில் நிலைக்காம தகராறு பண்ணலாம்.

"இப்போ 16 ரெண்டு, அப்புறம் இன்னும் ரெண்டு சேர்த்துக்கலாம்" - டிடிஆர்4 காலத்துப் பழக்கம் இது. 7600-க்கு ஏஎம்டி உறுதி சொல்ற வேகம் ரெண்டு ரேமுக்கு 5200. நாலு போட்டா 3600. வேணும்னா முதல்லயே 32 ரெண்டு வாங்கிடுங்க. இல்லைன்னா 16 ரெண்டோட நிறுத்திக்குங்க.

அப்புறம் முதல் பூட். எல்லாம் மாட்டி ஆன் பண்ணா, போர்டு ஓரத்துல "டிரேம்"னு எழுதின இடத்துல ஒரு விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், திரையில ஒன்னும் வராது. போர்டு ரேமைப் பழகிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஏஎம்5-ல இது சில நிமிஷம் எடுக்கும். ஒரு நிமிஷத்துல பயந்து பவர் பட்டனைப் பிடிச்சு அணைச்சா, அடுத்த தடவை மறுபடி முதல்ல இருந்து. பதினைந்து நிமிஷம் விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாங்க. அதுக்கப்புறமும் வரலைன்னா ஒரே ஒரு ரேமை ரெண்டாவது ஸ்லாட்ல போட்டுப் பாருங்க.

விண்டோஸ் ஏறின பிறகு பயாஸ் போய் எக்ஸ்போ (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணலைன்னா, 6000-னு காசு கொடுத்து வாங்கின ரேம் 4800-லயே ஓடிக்கிட்டு இருக்கும். எத்தனை பேர் வருஷக்கணக்கா அப்படி ஓட்டுறாங்கன்னு கேட்டா சிரிப்பு வரும்.

*

கேபினட் என்றால் மில்லிமீட்டர் கணக்கு. ஸ்பெக்கில் "கார்டு நீளம் 330 மிமீ" என்று இருப்பது பெரும்பாலும் முன்பக்கம் காலியாக இருக்கும்போது. அங்கே தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டர் வைத்தால் அது ஒரு 27, ஃபேன் ஒரு 25. மிச்சம் 278. மூன்று ஃபேன் வைத்த கார்டுகள் 300-ஐத் தாண்டுவது சாதாரணம். 4060-இல் இரண்டு ஃபேன் மாடல் எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

கூலர் உயரமும் அப்படித்தான். டீப்கூல் ஏகே400 155 மிமீ, நாக்டுவா என்எச்-டி15 165 மிமீ. 160 மிமீ இடம் உள்ள கேபினட்டில் முன்னது அடங்கும், பின்னதை வைத்தால் கதவு மூடாது. 7600 பெட்டிக்குள்ளேயே ஒரு கூலர் வரும், 7600எக்ஸ் பெட்டியில் வராது. ஒரு எழுத்து வித்தியாசத்தில் கூடுதல் செலவு.

வீட்டில் கிடக்கும் பழைய கூலரைப் போட நினைப்பவர்களுக்கு: ஏஎம்5-இல் போர்டுக்குப் பின்னால் உள்ள இரும்புத் தகடு சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருப்பது, கழற்றக்கூடாது. தன் சொந்தத் தகட்டோடு வரும் ஏஎம்4 கூலர்கள் அதில் ஏறாது. இன்டெல் பக்கம், எல்ஜிஏ1200-இல் துளைகளுக்கு இடையே 75 மிமீ, 1700-இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று ஸ்க்ரூவை வளைத்துப் பிடித்தால் கூலர் சாய்ந்து உட்கார்ந்து, பிராசசரின் ஒரு மூலை மட்டும் கொதிக்கும்.

கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? எம்.2 (என்விஎம்இ செருகும் ஸ்லாட்) மூடியின் அடியிலும் ஒன்று உண்டு.

*

எஸ்எம்பிஎஸ்: வாட் கணக்கு சுலபம். 7600 முழு மூச்சில் 88 வாட், 4060-க்கு 115, மற்றவை எல்லாம் சேர்ந்து ஒரு 50. மொத்தம் 250 சொச்சம். 4060-க்கு என்விடியா கேட்பது 550. பின்னால் 200 வாட் 4070 போன்ற கார்டுக்குத் தாவும் எண்ணம் இருந்தால் இப்போதே 650.

உயிர்போகிற விஷயம் வேறு. மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) கேபிள்களில் பாகத்தில் செருகும் முனைக்குத்தான் பொதுத் தரம். எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்குக் கிடையாது. வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கேபிள் இதில் அழகாக உட்காரும். 5 வோல்ட் போகவேண்டிய கம்பியில் 12 வோல்ட் போகும், ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே போய்விடும். ஒரே பிராண்டிலேயே மாடலுக்கு மாடல் மாறலாம். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிள் மொத்தத்தையும் மாற்றுங்கள்.

பிராசசர் கேபிள் 4+4, கார்டு கேபிள் 6+2. பார்க்க ஒன்றுபோல இருக்கும், பின்களின் வடிவம் வேறு. இறுக்கமாக இருந்தால் அழுத்தாதீர்கள், தவறான கேபிளைப் பிடித்திருக்கிறீர்கள்.

யூபிஎஸ்: 600 விஏ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான். மானிட்டரையும் அதில்தான் மாட்டுவீர்கள். விலை குறைந்த யூபிஎஸ் கரண்ட் போனதும் தருவது படிக்கட்டு வடிவ அலை. சில எஸ்எம்பிஎஸ்கள் அதை ஏற்காமல் அந்த நொடியே அணைந்துவிடும். சுமை குறைவாக இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் பிசி அணைந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

*

"முதல்ல ஜி பிராசசர் வாங்கிக்கிறேன், கார்டு ஆறு மாசம் கழிச்சு" என்பவர்கள் இதைப் படிக்கவும். ஜி என்றால் கொஞ்சம் பெரிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசர். 5600ஜி-யும் 5600-ம் ஒன்றல்ல: முன்னதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, பிசிஐஇ (கார்டுக்குப் போகும் பாதை) 3 மட்டும். பின்னதில் 32 எம்பி, பிசிஐஇ 4. ஏஎம்5-இல் 8500ஜி இன்னும் மோசம், அந்தப் பாதையில் கார்டுக்கு நான்கே லேன்தான் தரும். 8600ஜி-யில் எட்டு. 4060-க்கு எட்டு லேன் வேண்டும். பாதி வழியில் ஓடவிட்டால் கார்டில் 8 ஜிபி நிறைந்ததும் கேம் தட்டித் தட்டி ஓடும். இப்படி யோசிப்பவருக்கு 7600-தான் சரி. அதற்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது, கேம் ஓடாது, ஆனால் படம் வரும், கார்டுக்கும் லேன் குறையாது.

7500எஃப், 12400எஃப் இரண்டிலும் அதுகூட இல்லை. எச்டிஎம்ஐ-யைப் போர்டில் செருகிவிட்டு "டிஸ்ப்ளே வரலை" என்று எழுதுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. கார்டில் செருகுங்கள் ஐயா.

*

சின்னச் சின்னது:

கேபினட்டின் முன்பக்கம் டைப்-சி துளை இருந்தால் போர்டில் அதற்கான சாக்கெட் இருக்கிறதா பாருங்க, மலிவு போர்டில் பெரும்பாலும் இருக்காது. வண்ண விளக்குல ஏஆர்ஜிபி 3 பின் 5 வோல்ட், பழைய ஆர்ஜிபி 4 பின் 12 வோல்ட். மாத்திக் குத்தினா விளக்குகள் அதோட சரி. போர்டுக்கு அடியில தேவையில்லாத இடத்துல ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற குட்டி உலோகக் கால்) நின்னா பின்பக்கம் ஷார்ட் ஆகும், துளையில்லாத இடத்துல இருக்கிறதைக் கழட்டிடுங்க. எம்.2 ரெண்டாவது ஸ்லாட் நிரப்பினா சில போர்டுல சாட்டா துளை ஒன்னு ரெண்டு செத்துப்போகும், மேனுவல்ல அட்டவணை இருக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினவங்க விண்டோஸ் செட்டிங்ல போய் 144-ஐத் தேர்ந்தெடுங்க, பல நேரம் அது 60-லயே நிக்கும்.

*

கேள்வி: நாளைக்குப் பாகமெல்லாம் வருது. நேரா கேபினட்ல மாட்டலாமா அண்ணா?

*

வேண்டாம் தம்பி. போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே போர்டை வை. பிராசசர், கூலர், ஒரு ரேம், 24 பின், 8 பின், அவ்வளவுதான். கார்டு வேண்டாம், 7600-ல் படம் வரும், எச்டிஎம்ஐ இந்த ஒரு தடவை மட்டும் போர்டில். கூலரின் ஃபேன் வயர் "சிபியு ஃபேன்" என்று எழுதிய பின்னில் போகணும். பவர் பட்டன் இல்லையே என்று பார்க்காதே: மேனுவலில் "பவர் ஸ்விட்ச்" என்று காட்டியிருக்கும் இரண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடு, ஓட ஆரம்பிக்கும். பயாஸ் திரையில் பிராசசர் பெயர், ரேம் அளவு, சூடு மூன்றும் தெரியும். ஒரு பத்து நிமிடம் அப்படியே விடு. சூடு 90-ஐ நோக்கி ஏறினால் கூலர் சரியாக உட்காரவில்லை. 40, 50-இல் நின்றால் அணைத்து, ரேமை மாற்றிப் போட்டு இன்னொரு முறை பார். பிறகு கேபினட்டில் ஏற்று. பில்லையும் பெட்டிகளையும் மாற்றித் தரும் கெடு முடியும்வரை தூக்கிப் போடாதே.