ஓரானுக்கு சரக்கு: காசாபிளாங்கா வழி சரிப்படுமா?

கேள்வி (திருப்பூர்):
அல்ஜீரியாவுல இருக்கற ஓரான் ஊர் பையருக்கு ஒரு கண்டெய்னர் பனியன் போகோணுமுங்க. மொராக்கோவோட காசாபிளாங்கா துறைமுகத்துல எறக்கி லாரியில அனுப்பலாமுங்களா? 2021-ல அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் உறவு முறிஞ்சுதே, அது இன்னும் அப்படியேதானுங்களா?

பதில் (கோயமுத்தூர்):
அப்படியேதானுங்க. லாரிப் பேச்சே வேண்டாம், ரெண்டு நாட்டுக்கும் நடுவுல தரை எல்லை 1994-லயே பூட்டியாச்சு.

2021 சண்டைக்கு வேர் மேற்கு சகாரா. 2020 நவம்பர்ல, அதுக்குத் தனிநாடு கேட்டு மொராக்கோவோட மோதற பொலிசாரியோ இயக்கம் 1991 போர்நிறுத்தம் முடிஞ்சுதுன்னு அறிவிச்சுது. டிசம்பர்ல மேற்கு சகாரா மொராக்கோவுக்குத்தான்னு அமெரிக்க அதிபர் டிரம்ப் ஏத்துக்கிட்டாரு, மொராக்கோ இஸ்ரேலோட கை கோத்துது. பொலிசாரியோவுக்குத் தன்னோட டிண்டூஃப் ஊர்ல இடங்குடுத்திருக்கறது அல்ஜீரியா. 2021 ஜூலையில மொராக்கோவோட ஐ.நா. தூதர், அல்ஜீரியாவுல இருக்கற கபிலி மக்களுக்கும் சுயநிர்ணயம் வேணும்னு கெளப்புனதும் அல்ஜீரியா மொராக்கோவுல இருந்த தன் தூதரைத் திருப்பிக் கூப்பிட்டுருச்சு. ஆகஸ்ட் 24-ல அல்ஜீரியாவோட அப்போதைய வெளியுறவு அமைச்சர் லமாம்ரா உறவு முறிவை அறிவிச்சாரு. செப்டம்பர் 22-ல மொராக்கோ விமானங்களுக்கு வான்வெளியும் மூடுனாங்க.

பதில் (ஈரோடு):
கேஸ் குழாயை விட்டுட்டீங்க. அல்ஜீரியாவோட ஹாசி ர்மெல் கேஸ் வயல்ல இருந்து மொராக்கோ வழியா ஸ்பெயினுக்கு 1996-லிருந்து ஓடுனது. 2021 அக்டோபர் 31-ல ஒப்பந்தம் முடிஞ்சுது, அல்ஜீரிய அதிபர் டெப்பூன் புதுப்பிக்கல. ஸ்பெயினுக்கு அல்ஜீரியாவுல இருந்து நேராக் கடலடியில மெட்காஸ்னு இன்னொரு குழாய் இருந்துச்சு. அடி வாங்குனது மொராக்கோதான், அந்தக் கேஸை நம்பி ரெண்டு மின் நிலையம் வெச்சிருந்தாங்க. 2022 ஜூன்ல இருந்து அதே குழாயில ஸ்பெயின்ல இருந்து தலைகீழா கேஸ் வருது.

பதில் (திருப்பூர், ஷிப்பிங்):
கேட்டவருக்கு முக்கியமான இடம் மொராக்கோவோட டாஞ்சர் மெட் துறைமுகம். தூத்துக்குடியில ஏத்துற பெட்டி வழியில கப்பல் மாறும், அது டாஞ்சர் மெட்டா இருந்தா வம்பு. 2024 சனவரியில அல்ஜீரிய வங்கிகள் சங்கம், மொராக்கோ துறைமுகத்துல மாத்துற சரக்குக்கு டொமிசிலியேஷன் (இறக்குமதிய வங்கியில பதியறது) குடுக்காதீங்கன்னு வங்கிகளுக்கு எழுதுச்சு. டொமிசிலியேஷன் இல்லைன்னா பையரால பணம் அனுப்ப முடியாது.

எல்.சி.யில (பையரோட வங்கி குடுக்கற பணம் தர்ற உறுதிப் பத்திரம்) டிரான்ஷிப்மென்ட், அதாவது வழியில கப்பல் மாத்தறது, கூடாதுன்னு ஒரு வரி போட்டா மட்டும் போதாதுங்க. கண்டெய்னர் சரக்குன்னா, எல்.சி.க்கான சர்வதேச விதித் தொகுப்பு யு.சி.பி. 600-ன் 20-வது விதிப்படி, கப்பல் மாறும்னு காட்டுற பி.எல்.லையும் (கப்பல் கம்பெனி குடுக்கற சரக்கு ரசீது) வங்கி ஏத்துக்கும். அதனால ‘மொராக்கோ துறைமுகம் வழியா வரக்கூடாது’ன்னு கூடுதல் நிபந்தனையில பேரு சொல்லி எழுதச் சொல்லுங்க. அந்த நிபந்தனைக்கு என்ன தாள் காட்டோணும்னும் அங்கயே இருக்கோணும், கப்பல் கம்பெனி சர்டிபிகேட் மாதிரி. தாள் கேக்காத நிபந்தனைய வங்கி கண்டுக்காது.

புக்கிங் போடறதுக்கு முன்னாடியே எந்தத் துறைமுகத்துல மாத்துறாங்கன்னு ஃபார்வர்டர்கிட்ட (சரக்கு அனுப்பி வெக்கற ஏஜென்ட்) எழுத்துல வாங்கிருங்க. வாலென்சியா, மால்டா மாதிரி வழி கெடைச்சா அதையே எடுங்க, நாள் கூடுனாலும் பரவால்லை.