அம்மாவுக்குப் பென்ஷன் இல்லை. எங்களுக்காவது என்ன வழி?

கம்பம்மெட்டு ஜீப்:
எனக்கு 36 வயது. வீட்டுக்காரிக்கு 31. கம்பத்திலிருந்து வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். விடிவதற்கு முன்னே கிளம்பும் என் ஜீப்பில் அறுபது தாண்டிய கிழவிகள்தான் பாதி. அதில் ஒருத்தி என் அம்மா.

அம்மா பீருமேடு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள். அந்த எஸ்டேட் பூட்டியபோது பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் எடுத்து அக்கா கல்யாணத்துக்குச் செலவழித்தாள். பென்ஷனை விட்டு வை என்று ஆபீஸில் ஒருத்தரும் சொல்லவில்லை. அடுத்த எஸ்டேட்டில் பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷம் நிறையும் முன் 58 வயது ஆகிவிட்டது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு கம்பம் வந்தோம். ரேஷன் கார்டு இப்போது தமிழ்நாட்டில், அதனால் கேரள அரசின் க்ஷேம (நல) பென்ஷனும் இல்லை.

மாசம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டமா, ஏலச்சீட்டா? மச்சான் சீட்டு என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஓய்வு கேஷியர்:
தம்பி, சீட்டுப் பணம் கையில் வந்தால் அறுபது வரைக்கும் நிற்காது. அடல் பென்ஷனையே முதலில் வீட்டம்மா பெயரில் போடுங்கள். 31 வயதில் மாசம் 630 ரூபாய் கட்டினால் அறுபதிலிருந்து மாசம் 5,000. உங்கள் வயதுக்கு அதே 5,000 வேண்டுமென்றால் 990. இருவருக்கும் சேர்த்து ஆயிரத்தை ஒட்டி முடிக்கணும் என்றால் நீங்கள் 2,000 பென்ஷன் எடுங்கள், 396தான். ஆயிரத்துக்கு மேல் இருபத்தாறு ரூபாய் கூடும், அவ்வளவுதான். வாங்குகிறவர் போய்விட்டால் துணைக்கு அதே தொகை வரும். இருவருக்கும் பின்னால் வாரிசுக்கு மொத்தப் பணம், 5,000 பென்ஷனுக்கு எட்டரை லட்சம். நாற்பது வயசு தாண்டினால் சேர முடியாது.

ஏலக்காய் எடுப்பு முடிந்து ட்ரிப் குறைகிற மாசங்களில் கணக்கில் பணம் இல்லாமல் தவணை தவறும். மூன்று மாசத்துக்கோ ஆறு மாசத்துக்கோ ஒருமுறை கட்டும்படி எழுதிக் கொடுங்கள்.

வண்டிப்பெரியாறு:
கேஷியர் சார் சொன்னது சரி. ஆனால் 5,000 என்று இப்போதே மலைக்காதீர்கள். விலைவாசி வருஷம் ஆறு சதவீதம் ஏறினால், உங்க வீட்டம்மா வாங்கும்போது அந்த 5,000 இன்றைய 900 சொச்சம்தான். மளிகைக்கே பத்தாது. இது அடிமட்டக் காப்பு. இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிந்தால் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு தொடங்குங்கள். வருஷம் 1,000 ரூபாய் போட்டாலே போதும். உத்தரவாதம் கிடையாது, சந்தை இறங்கினால் இறங்கும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் கிடக்கிற பணத்தில் கொஞ்சமாவது பங்குச்சந்தையில் இருக்கணும் என்பது என் கட்சி. நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது என்று குறை சொல்வார்கள். உங்க அம்மா கதையைப் படித்த பிறகு எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

கொழுந்துக்காரி மகள்:
எஸ்டேட்டில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் கவனிக்கவும். இடம் மாறும்போது பி.எஃப்.-இல் உள்ள பென்ஷன் பங்கை எடுக்காமல், பழைய சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டு வாங்குங்கள். பழைய சர்வீஸ் புதிய இடத்தில் சேரும், பத்து வருஷம் நிறைந்தால் சாகும்வரை பென்ஷன். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள், இன்னும் அதே ஆயிரம்தான், அது வேறு வயிற்றெரிச்சல்.

அண்ணே, அம்மாவுக்கு கம்பத்தில் முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போட்டீங்களா? 1,200 ரூபாய். மகன் இருக்கிறான் என்று தள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

கம்பம்மெட்டு ஜீப்:
ஒருமுறை அப்படித்தான் தள்ளினார்கள். திரும்பவும் போடுகிறேன். திங்கள் வண்டிக்கு எஃப்.சி., செவ்வாய் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போகிறோம். ஆதார் தவிர என்ன வேண்டும்?

ஓய்வு கேஷியர்:
பாஸ்புக், செல் நம்பர். முதல் தவணைக்குப் பணம் கணக்கில் இருக்கட்டும்.