புதுப்பிப்பு: இடது இண்டிகேட்டர் படபடத்த விஷயம்

வண்டியில இடது இண்டிகேட்டர் மட்டும் படபடவென வேகமாக அடிக்குது, ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து அடிக்கிறது) போட்டா நிதானமா எரியுது, ஃபிளாஷர் ரிலே (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற சுவிட்ச்) போயிடுச்சான்னு கேட்டிருந்தேன். ரிலே நல்லாத்தான் இருக்கு. பின்பக்க இடது பல்பு எரியவே இல்லை. ஹோல்டரில் எர்த் முனை (மின்சாரம் திரும்பிப் போகிற இணைப்பு) பச்சை பூத்துக் கிடந்தது. (இறங்கிப் போய்ப் பார்க்காதது என் சோம்பல்.)

12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். ஒரு பக்கத்தில் முன்னும் பின்னுமாக உள்ள இரண்டில் ஒன்று அணைந்தால் மின்னோட்டம் பாதியாகும். ஃபிளாஷர் வேகமாக அடித்து எச்சரிக்கும். ஹசார்டில் மிச்சமிருந்த மூன்று பல்பும் சேர்ந்து, வழக்கமான இரண்டைவிட அதிகமாகவே இழுத்ததால் அதே ஃபிளாஷர் கண்டுகொள்ளவில்லை. முனையைச் சுரண்டி மாட்டினேன், சரியாயிடுச்சு.