கலைச்சொல் தேவை: பிறர் வேடத்தைத் தாமே ஆட்டுவது

மடல் 1: மொழிபெயர்ப்பாளர், கோவை

அவையோர்க்கு வணக்கம்.

எழுத்தாலேயே வேடமேற்று ஆடும் இணையக் குழு ஒன்றின் நடத்தை விதிகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். ஏனைய விதிகள் முடிந்துவிட்டன; 'காட்மாடிங்' (godmodding) என்னும் ஒரு சொல்லில் மூன்று நாள்களாக நிற்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். இவ்வகை ஆட்டத்தில் பகடை இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை, நடுவரும் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை உருவாக்கிக்கொண்டு, முறை வைத்து ஓரிரு பத்திகள் எழுதிக் கதையை நகர்த்துகிறார்கள். என் வேடம் வாளை ஓங்கலாம். அது உங்கள் வேடத்தின் மேல் பட்டதா, விலகியதா என்று எழுதும் உரிமை உங்களுடையது. அதையும் நானே எழுதி, உங்கள் வேடம் அஞ்சி ஓடியதாகவோ மண்டியிட்டதாகவோ முடிவு கட்டிவிட்டால், அதுதான் இந்தக் குற்றம். யார் எப்படித் தாக்கினாலும் என் வேடத்தின் மேல் ஒரு கீறலும் விழவில்லை என்று எழுதிக்கொண்டே போவதையும் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். 'கடவுள் நிலை ஆட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். என் தோழி அதைப் படித்துவிட்டுப் பக்தி தொடர்பான விளையாட்டா என்று கேட்டார். பொருத்தமான சொல் தந்து உதவுக.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

அம்மையீர், தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' என்று நாம் வழங்குவதைச் சுருக்கிக் 'கூடுபாய்தல்' என்க. பிறர் உடலுக்குள் புகுந்து அதனை இயக்குவதே நீங்கள் சொல்லும் செயல். 'பாத்திரம்' என்னும் வடசொல்லையும் தவிர்த்து 'மாந்தர்' என்றே எழுத வேண்டுகிறேன்.

இன்னொன்று. இந்த விதியின் அடிப்படை நமக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் 'முன்னம்' என்று ஓர் உறுப்பை வைத்திருக்கிறது; இவ்விடத்தில் இம்மொழி இவர் இவருக்குச் சொல்வதற்கு உரியது என்று தெரியுமாறு செய்யுள் அமைய வேண்டும் என்பது அதன் கருத்து. தலைவி கூற்றைத் தோழி பேசக்கூடாது என்பதைத்தான் உங்கள் குழு இப்போது விதியாக எழுதுகிறது.

மடல் 3: கல்லூரி ஆசிரியை, சென்னை

ஐயா சொன்ன 'முன்னம்' மிகப் பொருத்தமானது. அதனை என் வகுப்பில் பயன்படுத்துவேன். ஆனால் 'கூடுபாய்தல்' ஆகாது என்றே கருதுகிறேன். தன்னை விட்டுவிட்டு இன்னோர் ஆளுக்குள் புகுவதுதான் வேடமேற்பு. ஆட வருகிற ஒவ்வொருவரும் முறையாகச் செய்கிற வேலை அது. அதையே குற்றத்துக்குப் பெயராக்கினால் ஆட்டமே குற்றமாகிவிடும். மேலும், திருமூலர் புகுந்தது சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் உடலுக்குள் என்பது வரலாறு. அந்த உடலுக்கு அப்போது உரியவர் இல்லை. நம் சிக்கலோ, உரியவர் உயிரோடும் விழிப்போடும் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும்போது நிகழ்வது.

நான் படைப்பெழுத்து மாணவர்களுக்கு இவ்வாட்டத்தைப் பயிற்சியாகத் தருகிறேன். அவர்களுக்குக் குற்றத்தின் பெயரைவிட அது எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதே விளங்க வேண்டியிருக்கிறது. அதைத் தமிழ் வினைச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. 'கழுத்தை நோக்கி வாளை வீசினான்' என்பதில் வீசியவனின் செயல் மட்டுமே உண்டு. எதிரில் நிற்பவர் குனியலாம், தடுக்கலாம், காயப்படலாம். 'வீழ்த்தினான்' என்று எழுதியவுடன் எதிராளியின் 'விழுதல்' அந்தச் சொல்லுக்குள் அடைபட்டுவிடுகிறது. ஓட்டினான், நடுக்கினான், பணிவித்தான் என்னும் பிறவினைகள் எல்லாம் அத்தகையவை. 'உங்கள் பத்தியில் எதிராளியைப் பொருளாகக் கொண்ட பிறவினை வந்தால் நிறுத்தி யோசியுங்கள்' என்று ஒரே வரியில் சொன்னதும் பலருக்கும் விளங்கிவிட்டது. 'வெட்டினான்' போன்றவை பிறவினை அல்லாமலேயே எதிராளியின் உடலைத் தொட்டுவிடுகின்றன என்பதையும் ஒரு மாணவி சரியாகச் சுட்டினார்; ஆகையால் இது முழு இலக்கணம் ஆகாது, நல்ல எச்சரிக்கை மட்டுமே. பெயர் என்று கேட்டால், மாணவர்கள் வாயில் வரும் 'கள்ளாட்டம்' எனக்குப் போதும்.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து

மதிப்புக்குரியோரே, 'கள்ளாட்டம்' எல்லா ஏமாற்றுக்கும் பொதுவான சொல். சீட்டை ஒளிப்பதும் கள்ளாட்டம்தான். நீங்கள் கூறிய இரண்டாம் பொருளுக்கு, அதாவது அடிபட்டும் படவில்லை என்று நிற்பதற்கு, எங்களிடம் தனியே ஒரு சொல் இருக்கிறது. கிளித்தட்டு விளையாடும்போது தொடப்பட்ட பிள்ளை 'தொடவே இல்லை' என்று வாதிட்டால், அவன் 'அளாப்புகிறான்' என்போம். அவ்வாறு செய்பவன் 'அளாப்பி'. 'அளாப்பல்' என்று அதனைத் தொழிற்பெயராக்கலாம்.

மடல் 5: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

இச்சொல்லின் வேர் ஆராயத்தக்கது. 'அளாவு' என்றால் கலத்தல். மெய்யோடு பொய்யைக் கலப்பதால் 'அளாப்பு' ஆகியிருக்கலாம். 'அழாப்பு' என்று எழுதினாலோ அழுகையோடு தொடர்பு கிடைக்கிறது. தமிழகத்துப் பிள்ளைகள் சொல்லும் 'அழுகுணி ஆட்டம்' அதனோடு ஒத்துப்போகும். தோற்கும் நேரத்தில் அழுது ஆட்டத்தைக் கெடுப்பவனைத்தானே அழுகுணி என்கிறோம்? 'அலாப்பு' என்று லகரத்தால் எழுதுவோரும் இருக்கக்கூடும். எந்த எழுத்து என்பதை முடிவு செய்யாமல் கலைச்சொல் ஆக்குவது முறையாகாது.

மடல் 6: யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, நாங்கள் ளகரம் கேட்கவே ஒலிக்கிறோம். பேசுகிறவர்களின் நாக்கைச் சான்றாகக் கொள்ள வேண்டுகிறேன். 'அளாவு' என்னும் வேரை மறுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை, ஏற்கும் எண்ணமும் இல்லை. சொல்லைப் பயன்படுத்த வேர் தடையாக இருக்கக்கூடாது என்பதே என் கோரிக்கை.

மடல் 7: பழைய ஆட்டக்காரர், டொராண்டோ

நான் 1990களில் மஷ் (MUSH) என்னும், பலர் இணையவழி எழுத்தாலேயே ஆடும் ஆட்டங்களில் பல இரவுகளைக் கழித்தவன் என்பதால், சொல்லின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் மேசை வேடமேற்பு ஆட்டத்தில் அடி பட்டதா என்பதைப் பகடை சொன்னது. 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த மட் (MUD) என்னும், பலர் சேர்ந்து ஆடும் எழுத்துவழிக் கணிப்பொறி ஆட்டத்தில் அதைக் கணிப்பொறி சொன்னது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவான டைனிமட், அதன் வழிவந்த மஷ் ஆகியவற்றில் ஆட்டக்காரர்களே இடங்களையும் பொருள்களையும் கட்டத் தொடங்கினார்கள். அங்கே கதை சொல்வது முதன்மை பெற்றதும், பல குழுக்களில் எதிராளியின் ஒப்புதலே பகடையின் இடத்தைப் பிடித்தது. காட்மாடிங்குக்கு மூலமான 'காட் மோட்' (கடவுள் நிலை) என்பதோ சுடும் ஆட்டங்களின் வழக்கு. 1993இல் வந்த டூம் என்னும் சுடும் ஆட்டத்தில் ஐடிடிகியூடி (IDDQD) என்று விசைப்பலகையில் தட்டினால் காயம் படாது. ஆகவே காயம் படாமை பெயரோடு ஒட்டிய பொருள். பிறர் வேடத்தை ஆட்டுவது அதன்மேல் ஏறிய பொருள். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடுவதை விட்டுவிடலாம்.

ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல விரும்புகிறேன். பல மாதங்கள் நான் வளர்த்த ஒரு முதியவள் வேடத்தை, நான் உறங்கியிருந்த வேளையில் வேறொருவர் தம் பத்தியில் அழவைத்து, மன்னிப்புக் கேட்க வைத்திருந்தார். அவள் மன்னிப்புக் கேட்கவே மாட்டாதவள்; அவளை நான் உருவாக்கியதே அதற்காகத்தான். காலையில் அதைப் படித்தபோது, கொன்றிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. நாம் தேடும் சொல் அந்த வலியைத் தாங்குவதாக இருக்க வேண்டும். 'கள்ளாட்டம்' அதைத் தாங்காது.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர், கோவை

எல்லோருக்கும் நன்றி. டொராண்டோ நண்பரின் மடலைப் படித்தபின் 'ஆட்டுவிப்பு' என்னும் சொல் மனத்தில் நின்றது. ஆசிரியை காட்டிய பிறவினை அதில் வெளிப்படையாக இருக்கிறது. ஆட்டுவிப்பவன் இறைவன் என்னும் அப்பர் வாக்கு நம் காதில் இருப்பதால், ஆங்கிலச் சொல்லில் உள்ள கடவுளும் பெயர் சொல்லாமலே வந்து சேர்கிறார். காயம் ஏலாமைக்கு 'அளாப்பல்' என்று வைத்துக்கொள்கிறேன்.

மடல் 9: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

அம்மையீர், சொல் அழகியது, இலக்கணம் இடிக்கிறது. 'ஆடு' தன்வினை, 'ஆட்டு' என்பதே பிறவினை. அதன்மேல் 'வி' சேர்ந்தால், ஒருவரைக் கொண்டு இன்னொன்றை ஆட்டச் செய்தல் என்று பொருள்படும். உரியவரை வற்புறுத்தி அவர் கையாலேயே அவர் வேடத்தை ஆட்டச் செய்தால் அது 'ஆட்டுவிப்பு'. நீங்கள் சொல்லும் குற்றத்திலோ உரியவர் கையே படவில்லை. ஆகவே 'பிறன்வேடமாட்டல்' என்பதே சரி.

மடல் 10: கல்லூரி ஆசிரியை, சென்னை

ஐயாவின் பகுப்பு நுட்பமானது. ஆனால் 'பிறன்வேடமாட்டல்' என்பதை மாணவர்கள் 'மாட்டல்' என்று பிரித்துப் படிப்பார்கள். வேடத்தை ஆணியில் மாட்டுவதாகவே அவர்களுக்குப் பொருள்படும். 'ஆட்டுவித்தல்' இறைவன்மேல் வழங்கும்போது இடையில் மூன்றாம் ஆளை யாரும் தேடுவதில்லை. வழக்கு அந்த 'வி'யை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆட்டுவிப்புக்கே என் இசைவு, வகுப்பில் நான் 'கள்ளாட்டம்' என்றே தொடர்ந்தாலும்.

மடல் 11: மொழிபெயர்ப்பாளர், கோவை

வெள்ளி மாலை ஒப்படைத்துவிட்டேன். விதி இவ்வாறு போயிருக்கிறது: 'ஆட்டுவிப்புக் கூடாது. பிறருக்கு உரிய வேடம் என்ன செய்தது, என்ன நினைத்தது, எதற்கு ஆளானது என்பதை அவருடைய ஒப்புதல் இன்றி நீங்கள் எழுதக்கூடாது.' அடுத்த வரியில் அளாப்பல். ஆதரித்தோர் நால்வர், மறுத்தவர் ஒருவர்.

மடல் 12: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருச்சி

மறுப்பு நிற்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். மறுபதிப்பு வரும்போது, 'வேடமாட்டல்' என்று 'பிறன்' நீக்கி எழுதினாலும் எனக்கு உடன்பாடே. 'மாட்டல்' என்னும் ஐயத்தைத் தவிர்க்க, வேடம், ஆட்டல் இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டு எழுதலாம்.